ஜூன்ல வருவீங்கள்ல?

வருவேன் மேடம். அவ்வளவுதான். தும்முகிற நேரம்கூட ஆகாது. கரஸ்பாண்டன்ட் அம்மாவின் அறைக்கு வெளியே, எல்.கே.ஜி. பிள்ளைகளின் குட்டை பெஞ்சில், முழங்கால் நெஞ்சில் இடிக்க ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு, கோமதி அந்த இரண்டு சொல்லையும் வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். பச்சைத் திரைக்கு அந்தப்பக்கம் போகிற ஒவ்வொரு டீச்சரிடமும் அம்மா கேட்பது ஒரே கேள்விதான். ஜூன்ல வருவீங்கள்ல? வருவேன் என்றால் ஏப்ரல் சம்பளமும் மே சம்பளமும் சேர்ந்து ஒரே கவர். வரமாட்டேன் என்றால் மே கிடையாது. அதோடு விடுவதுமில்லை, காலாண்டு லீவுக்கும் அரையாண்டு லீவுக்கும் வீட்டில் இருந்த நாளுக்குக் கொடுத்ததையும் ஏப்ரலில் பிடித்துக்கொண்டு, மிச்சம் என்று ஏதாவது நின்றால் அது. லீவு நாள் சம்பளம் திரும்பி வருகிறவர்களுக்குத்தான். அம்மாவின் வீட்டுக்காரர் பெரிய சார் இருந்த காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாதாம். வாத்தியார் வீட்டில் மே மாசம் அடுப்பு எரிய வேண்டாமா என்று சொல்லி, கடைசி வேலைநாளன்று மே மாதத்தையும் கையில் வைத்து அனுப்பிவிடுவாராம், யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல். அவர் போய், அவர் படத்துக்குக் கீழே அம்மா உட்கார்ந்தபோது, அந்த வழக்கம் நின்றது; கேள்வி மட்டும் புதிதாகச் சேர்ந்தது. நல்ல கேள்விதான். அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? குற்றமெல்லாம் பதிலில். வருவேன் மேடம். உதட்டை அசைக்காமல் சொன்னால் சரியாக வருகிறது. உதட்டை அசைத்தால் முதல் எழுத்திலேயே தொண்டை அடைத்துக்கொள்கிறது.

"என்ன கோமு, மந்திரம் ஜெபிக்கியா?" பக்கத்தில் இருந்த ஸ்டெல்லா மிஸ் இடுப்பில் இடித்தாள். தூத்துக்குடிக்காரி; சத்தமாகத்தான் ரகசியம் பேசுவாள். "ஒண்ணும் பயப்படாத. ஆமான்னு தலைய ஆட்டு, கவர வாங்கு, கும்பிடு போடு, வந்துகிட்டே இரு. போன வருசம் வனிதா போனா பாரு, அதுமாதிரி மட்டும் வாயத் தொறந்துராத." போன வருடம் வனிதா மிஸ் கல்யாணம் முடிவாகி ஓசூர் போகிறவள். ஜூனில் வரமாட்டேன் மேடம் என்று உள்ளதைச் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். அம்மாவும் சேர்ந்து அழுதார்களாம். காபி வரவழைத்துக் கொடுத்து, நெற்றியில் திருநீறு பூசி, நல்லா இரு தாயி என்று வாழ்த்தி, எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு அனுப்பினார்களாம். "அதே நாள்ல ரெண்டு பேரு, பேரு சொல்ல மாட்டேன், வருவோம் வருவோம்னு பல்லக் காட்டி வாங்கிட்டுப் போனாளுக. ஜூன்ல ஆளயும் காணோம், தூளயும் காணோம். அதுலேருந்துதான் அம்மாவுக்கு மனசு விட்டுப்போச்சு. இந்த வருசம் எவளாவது ஏமாத்துனா அவ்வளவுதானாம், அடுத்த வருசம் யாருக்கும் கெடையாதாம். மே சம்பளம் ஜூன்லதான்னு சொல்லிட்டாங்க. எம்மவனுக்கு ஃபீஸ் கட்டுறதே இதுலதான் பாத்துக்கோ. எவளாவது ஏமாத்தட்டும், வீடு தேடிப்போயி முடியப் புடிச்சு ஆய்ஞ்சிருவேன்." சொல்லிவிட்டு ஸ்டெல்லா சிரித்தாள். கோமதியும் சிரித்தாள். தன் பின்னலைத் தோளுக்கு முன்னால் எடுத்துப்போட்டுக்கொண்டது எதற்கு என்று பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வகுப்புகளில் பாட்டும் கும்மாளமுமாக இருந்தது. கடைசி நாள் என்றால் பாடம் கிடையாது. ஆளுக்கொரு பொட்டலம் மிக்சரும் கேக்கும் தின்றுவிட்டு, கரும்பலகையில் கலர் சாக்பீஸால் பூ வரைந்து, சண்டை போடுவார்கள். எத்தனை சத்தம். முன்பெல்லாம் இந்தச் சத்தத்தில் தலை வலிக்கும். இப்போது ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்கிற வியாதி வந்திருக்கிறது அவளுக்கு. டெஸ்க் மூடுகிற சத்தம். குழாயடியில் எவர்சில்வர் டம்ளர் உருளுகிறது. தள்ளுவண்டிக்காரனின் மணி. மின்விசிறியின் கிறீச்சு. ஒவ்வொன்றையும் எடுத்து, இது என் பிள்ளைக்கு இல்லை, இதுவும் இல்லை, இதுவும் இல்லை என்று தள்ளி வைத்துக்கொண்டே போகிறது மனசு. நிறுத்தச் சொன்னால் நிற்கிறதா?

மதுரை ஆஸ்பத்திரியில் அந்த டெஸ்ட் அறைக்குள் மட்டும்தான் எந்தச் சத்தமும் இல்லை. சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த மாதிரி. அவள் மகள் தன்விகாவுக்கு இனிப்பு மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டினார்கள். பாதித் தூக்கத்தில் சிரித்தாள் பிள்ளை. மடியில் அவளை வைத்துக்கொண்டு கோமதி கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கோடு போய்க்கொண்டே இருந்தது. அலை வரும், இப்போது வரும், கொஞ்சம் சத்தத்தைக் கூட்டினால் வரும். டெஸ்ட் எடுத்த பெண் கூட்டிக்கொண்டே போனாள். குழந்தையின் காதில் மாட்டியிருந்ததிலிருந்து கசிகிற டிக் டிக் கோமதிக்கே கேட்டது. கோடு கோடாகவே போனது. டாக்டர் நல்ல மனிதர். ரெண்டு காதும்மா என்றார். மிஷின் போடணும், ஆனா மிஷின் போட்டாலே பேசிடாது, தினமும் பயிற்சி குடுக்கணும், அம்மா கூடவே இருந்து கத்துக்கணும், இது பாட்டியோ சித்தியோ வந்து செய்யற வேலை இல்ல, ஒரு மாசத்தைக்கூட வீணாக்காதீங்க, வயசு ஒண்ணு முடியப்போகுதுல்ல. அவள் புருஷன் மாரீஸ்வரன் எல்லாவற்றுக்கும் சரிங்க சார், சரிங்க சார் என்றான். ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசரிடம் சொல்கிற அதே சரிங்க சார். திரும்பி வருகிற பஸ் சாத்தூரில் நின்றது. வெள்ளரிக்காய் விற்கிறவன் ஜன்னலில் தட்டினான். குழந்தை தட்டுகிற கையைப் பார்த்துத்தான் சிரித்தது. "ஒனக்கு மே சம்பளம் சேத்துக் குடுப்பாங்கள்ல," என்றான் அவன், வெளியே பார்த்துக்கொண்டே. "அத வச்சு மிஷினுக்கு அட்வான்ஸ் கட்டிருவோம். மிச்சத்துக்கு நான் பெரட்டுறேன்." நான்தான் வேலையை விடப்போறேனே, எப்படிக் குடுப்பாங்க என்று அவள் கேட்கவில்லை. அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான். மதுரையில் ஒரு ரூம் எடுத்து அவளும் பிள்ளையும் இருக்க வேண்டும். சனிக்கிழமை ராத்திரி அவன் வந்து போக வேண்டும். சோறு வடிக்கிறதிலிருந்து எல்லாம் பேசியாகிவிட்டது. அட்வான்ஸ் கட்டினால்தான் மிஷினுக்கு ஆர்டர். திங்கட்கிழமை வருகிறோம் என்று சொல்லியாகிவிட்டது. இந்தக் கவரைத் தவிர வேறு வழி எதையும் இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவில்லை. அவளுடைய தாலிக்கொடி முன்பே அடகில் இருக்கிறது. மஞ்சள் கயிறு கழுத்தில் வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன? மேடம், எம்பிள்ளைக்கு இப்படி. அம்மா கல் இல்லை. வனிதாவுக்கே அழுதவர்கள். அழுவார்கள். காபி வரும். பெரிய சார் படத்துக்குப் பூ வைத்த தட்டிலிருந்து திருநீறு எடுத்துப் பூசுவார்கள். பிறகு? பிறகு சட்டம் சட்டம்தானே தாயி என்பார்கள். ஒருவேளை சொல்லமாட்டார்களோ? ஒருவேளை கொடுத்துவிடுவார்களோ? கொடுத்தாலும், அரை மணி நேரத்தில் ஸ்டெல்லாவுக்குத் தெரியும், ஸ்டெல்லாவுக்குத் தெரிந்தால் பஸ் ஸ்டாண்டுக்குத் தெரியும். மாமியார் காலையில்கூட வாசல் வரை வந்து சொன்னார்கள். "பள்ளிக்கூடத்துல எதையும் ஒளறி வச்சிராத தாயி. ஆவணில மலர பொண்ணு பாக்க வாராக. ஒரே ரத்தம்னு யோசிப்பாக. முடியட்டும், அப்புறம் ஊரக் கூட்டிச் சொல்லு." கெட்டவர்கள் இல்லை அவர்களும். சொல்லும்போது தன்விகாவை இடுப்பில் வைத்து, அவள் காதைத் தடவிக்கொண்டேதான் சொன்னார்கள். ஆனால் நாத்தனார் மலரின் கல்யாணம்கூட இல்லை காரணம். மாமியார் தடுக்காவிட்டாலும் கோமதியால் சொல்ல முடியாது. அந்தச் சொல்லை அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. கண்ணாடி முன்னால் நின்றுகூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் பிள்ளைக்கு அது ஆகிவிடும். இதுவரைக்கும் கம்ப்யூட்டர்தானே சொன்னது, கோடுதானே சொன்னது. பெற்றவள் சொல்லவில்லையே.

சின்ன வயதில் அவள் படித்த கான்வென்ட்டில் கிறிஸ்தவப் பிள்ளைகளெல்லாம் ஞானோபதேச வகுப்புக்குப் போனபிறகு மிச்சமிருக்கிற பிள்ளைகளுக்கு மாரல் சயின்ஸ். சிஸ்டர் பெலிசிட்டா பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கதை சொல்வார். ஜாடியை உடைத்த பையன் அப்பாவிடம் நானே உடைத்தேன் என்று சொன்ன கதை. அப்பா அவனைக் கட்டிக்கொண்ட கதை. உண்மை சொன்னால் எல்லாக் கதையிலும் யாராவது கட்டிக்கொள்வார்கள். கோமதிக்கு மாரல் சயின்ஸில் வருடா வருடம் முதல் பரிசு. பரிசு என்றால் ரோஸ் கலரில் ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா, மூடியில் தேவமாதா படம் ஒட்டியது. வீட்டில் அவளைப் பெற்ற அம்மா அதில் ஊசி நூல் போட்டு வைத்திருந்தாள். ஞானோபதேசத்துக்குப் போகிற பிள்ளைகளைப் பார்த்து அவளுக்குப் பொறாமையாக இருக்கும். சனிக்கிழமையானால் வரிசையில் போய், சாமியார் இருக்கிற மரக்கூண்டுக்கு முன்னால் முழங்காலிட்டு, செய்த தப்பையெல்லாம் இறக்கி வைத்துவிட்டு, முகம் கழுவின மாதிரி வெளியே வருவார்கள். ஸ்டெல்லாவுக்கு இன்றைக்கும் அந்தச் சனிக்கிழமை இருக்கிறது. போன வாரம்கூட, டெஸ்ட் பேப்பர் திருத்தாமலே மார்க் போட்டதைச் சாமியாரிடம் சொல்லிவிட்டேன் என்று சொல்லிச் சிரித்தாள். "ஒங்களுக்கு அந்த வசதி இல்ல பாரு, பாவம், எல்லாத்தயும் வயித்துலேயே வச்சுக்கிட்டு அலையணும்." விளையாட்டாகத்தான் சொன்னாள். வயிற்றிலேயே வைத்துக்கொண்டு.

வயிற்றில் வைத்துக்கொண்டுதான் அன்றைக்கு வந்தாள். முந்தின வருடத்துக் காலாண்டுத் தேர்வு முடிகிற கடைசி நாள். அப்போது நாள் தள்ளிப்போயிருக்கிறது என்பது மாரீஸ்வரனுக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். காலையில் எழுந்திருக்க முடியவில்லை. தண்ணீர் குடித்தாலும் வெளியே வந்தது. இன்னைக்கு ஒரு நாள் போகாத என்றான் அவன். எப்படிப் போகாமல் இருக்க முடியும்? லீவுக்கு முந்தின நாள் வராவிட்டால் லீவு முழுக்கச் சம்பளம் பிடிப்பார்கள். அதுவும் இந்தப் பள்ளிக்கூடத்துச் சட்டம்தான். லீவு விடுகிற அன்றும் திறக்கிற அன்றும் ஆள் இருக்க வேண்டும்; இரண்டு முனையில் எது அறுந்தாலும் நடுவில் இருக்கிறதெல்லாம் போச்சு. ஒரு நாளுக்காக அத்தனை நாளையும் விடுவதா என்று, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு பஸ் ஏறினாள். அன்றைக்கு அவள் எல்.கே.ஜி. வகுப்புப் பிள்ளை ரித்திகாவும் வந்திருந்தாள். உடம்பு சுட்டது. கழுத்திலும் கன்னத்திலும் சின்னச் சின்னதாகச் சிவப்பு. வேர்க்குரு மிஸ் என்று சொல்லி விட்டுவிட்டுப் போனாள் அவள் அம்மா; தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவள், அவளுக்கும் ஒரு நாள் விட்டால் என்னென்ன போகுமோ. பிள்ளை பெஞ்சில் உட்காரமாட்டேன் என்று அழுதது. கோமதி தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். சாயங்காலம் வரைக்கும் அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தது. தனக்கே ஒரு பிள்ளை வந்த மாதிரி, அந்தச் சூடு அவளுக்குப் பிடித்துக்கூட இருந்தது. அய்யோ, அந்தச் சூடு பிடித்திருந்தது அவளுக்கு. லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல். வயிற்றிலும் முதுகிலும் சிவப்பாகத் தடிப்பு. இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் சுவடே இல்லை. வேப்பிலை அரைத்துப் பூசினார்கள் மாமியார். கர்ப்பச் சூடு என்றார்கள். சூடு என்று சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுகிற ஊர் இது. மதுரையில் டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார், வயித்துல இருந்தப்ப, ஆரம்பத்துல, காய்ச்சல் கீய்ச்சல், உடம்புல தடிப்பு எதாவது வந்துச்சாம்மா, அது உள்ள இருக்கற பிள்ளையோட காதைப் பாதிக்கும்? மாரீஸ்வரன் அவள் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு அந்த வாரம் முழுக்க நைட் ஷிப்ட், ஞாபகமில்லை. இல்ல சார் என்றாள் கோமதி. எவ்வளவு சுலபமாக வந்தது! ஜாடியை உடைத்த பையன் ஓடியே போய்விட்டான். மாரல் சயின்ஸ் முதல் பரிசு, இல்ல சார்.

அதனால்தான் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. எதனாலும் இருக்கலாம் என்றுதானே டாக்டரும் சொன்னார். சொந்தத்தில் கட்டினீங்களா என்று கேட்டார், இல்லை. பிறந்ததும் மஞ்சள் காமாலையா; இல்லை. ஒவ்வொரு இல்லைக்கும் ஒரு கதவு மூடிக்கொண்டே வந்தது. அவள் பொய் சொல்லி மூடிய கதவு ஒன்றுதான் மிச்சம். அதற்கு அந்தப்பக்கம் ஒரு பிள்ளை சுடச்சுடக் கழுத்தில் சாய்ந்து கிடக்கிறது. அன்றைக்கு வராமல் இருந்திருந்தால். வராமல் இருந்தால் காலாண்டு லீவுச் சம்பளம் போயிருக்கும். போயிருந்தால்? போகட்டுமே. என்ன வாங்கினோம் அந்தக் காசில்? யோசித்து யோசித்துப் பார்க்கிறாள், ஞாபகம் வரவில்லை. கேஸா, மளிகையா, மலருக்குக் காலேஜ் பஸ்ஸுக்கா. எதையோ வாங்கினோம், தின்றோம், தீர்ந்தது. அடுத்து வந்த மே மாதத்தில், லீவுக்குள்ளேயே தன்விகா பிறந்தாள். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது, பச்சை உடம்போடு வந்து நின்றவளை அம்மா எல்லா டீச்சர் முன்னாலும் பக்கத்தில் நிறுத்திக் கைதட்டச் சொன்னார்கள். "கோமதி மிஸ்ஸைப் பாருங்க. லீவுலேயே பெத்துட்டு லீவு முடிஞ்சதும் வந்து நிக்கிறாங்க. ஒரு நாள் கேக்கல." எல்லோரும் கைதட்டினார்கள். மார்பில் பால் கட்டி ஜாக்கெட் நனைய நனைய, அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்தக் காலாண்டு லீவுச் சம்பளத்தைக் கொடுத்தது கரஸ்பாண்டன்ட் அம்மாதான். பிடித்திருக்கக்கூடியவர்களும் இவர்கள்தான். அப்படியானால் இன்றைக்கு வாங்கப்போகிற மே மாதம் பொய் சொல்லி வாங்குவது இல்லை, அன்றைக்கு வந்ததற்கு வாங்குவது. அந்த ஒரு நாளுக்கு. இப்படி நினைத்தவுடன் கொஞ்சம் லேசாக இருந்தது. ஆனால் நிற்கவில்லை. அந்த நாளுக்குக் கூலி வாங்குவதா? எதற்குக் கூலி? விலை போட்டு வாங்கிவிட்டால், சரி, அந்த நாள் விற்றாகிவிட்டது என்று ஆகிவிடாதா? அம்மாவின் மேல் என்ன தப்பு, வேர்க்குரு என்று சொன்னவள் மேல் என்ன தப்பு, அந்தப் பிஞ்சு மேல்தான் என்ன தப்பு? எல்லோரையும் விலக்கிவிட்டுப் பார்த்தால், எலுமிச்சம்பழத்தோடு பஸ் ஏறுகிற ஒரு முட்டாள் பெண்தான் நிற்கிறாள். ஏறாதே, ஏறாதே என்று இங்கேயிருந்து கத்துகிறாள் கோமதி. அவளுக்குக் காது கேட்கவில்லை.

"மிஸ்!" திரும்பினாள். ரித்திகா. இப்போது யு.கே.ஜி. முடித்துவிட்டாள், முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது. கையில் பாதி தின்ற கேக். "ஹாப்பி லீவ் மிஸ்!" என்று அவள் மடியில் சாய்ந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு, கன்னத்தில் க்ரீமோடு ஒரு முத்தம் வைத்தாள். உடம்பு குளுகுளு என்று இருந்தது. எந்தச் சூடும் இல்லை. கோமதி அவளைத் தள்ளவும் இல்லை, அணைக்கவும் இல்லை. கைகள் அந்தரத்தில் நின்றன. பிறகு தன்னாலேயே இறங்கி அந்தச் சின்ன முதுகைத் தடவின. "மிஸ், ஒங்க பாப்பாவ ஜூன்ல கூட்டிட்டு வருவீங்களா? அன்னைக்கு மாதிரி?" அன்றைக்கு. மாமியார் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டதால் தன்விகாவைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்த அன்று. எல்.கே.ஜி. அறைக்கு வெளியே, தாழ்வாரத்து இரும்புத் தூணுக்குப் பக்கத்தில் பாய் விரித்துத் தூங்கப்போட்டிருந்தாள். அந்தத் தூணில்தான் தண்டவாளத் துண்டு தொங்குகிறது. ஆயா பாக்கியத்தக்காள் இரும்புக்கம்பியால் அதை ஓங்கி அடிப்பதுதான் பள்ளிக்கூடத்து மணி. பிள்ளை கிடப்பதைப் பார்க்காமல் மதியத்து மணியை அடித்துவிட்டாள். வகுப்புக்குள்ளிருந்து கோமதி ஓடிவந்தாள், அலறி எழுந்திருக்கும் பிள்ளையை வாரி எடுக்க. எழவில்லை. இமைகூட அசையவில்லை. மூக்கின் நுனியில் ஒரு வியர்வைத் துளி, உதட்டில் பால் குடிக்கிற பாவனை. "ஏ யாத்தே! தங்கமான பிள்ள! இடி விழுந்தாலும் எந்திரிக்காது போலயே!" என்றாள் பாக்கியத்தக்காள். டீச்சர்களெல்லாம் வந்து பார்த்துக் கன்னத்தைக் கிள்ளி, குடுத்து வச்சவ நீ என்றார்கள். அவளும் ஆமாம் என்று சிரித்தாள். ஆனால் அன்று ராத்திரி அடுக்களையில் தாம்பாளத்தைக் கீழே போட்டுப் பார்த்தாள். மறுநாள் பிரஷர் குக்கர் விசில். அதற்கடுத்த நாள் பிள்ளைக்குப் பின்னால் நின்று, தன்வி, தன்விம்மா, தன்விகா. மாரீஸ்வரன் இன்டர்நெட்டில் தேடித்தேடி வைத்த பேர். மாமியாருக்கு அது வாயில் நுழையாமல் பாப்பா என்றே கூப்பிடுவார்கள்; தம்பேரு தெரியாமப் போயிரும் பிள்ளைக்கு என்று அவன் சண்டை போடுவான்.

"கோமதி மிஸ்." உள்ளேயிருந்து வந்த டீச்சர் கவரைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டே திரையை விலக்கிப் பிடித்தாள். எழுந்தபோது கால் மரத்துப்போயிருந்தது. உள்ளே ஏசி கிடையாது. ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி, நனைந்த வாசனை. பெரிய சார் படத்தில் புதுச் சரம். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சிரித்தார்கள். "வாங்க கோமதி. என்ன, எளைச்சுட்டீங்களே. பாப்பாவுக்கு மே மாசம் பிறந்தநாள் வருதுல்ல?" ஆமா மேடம். "பாக்கியம் சொல்லும், மணி அடிச்சாக்கூட முழிக்காத பிள்ளைன்னு. எங்க வீட்லயும் இருக்கே, பேரன், கதவு சாத்துனா எந்திரிச்சுக் கத்தும். குடுத்து வச்சவங்க நீங்க." ஆமா மேடம். கவரை எடுத்து மேஜைமேல் வைத்து, அதன்மேல் விரல்களை வைத்துக்கொண்டார்கள். மோதிரம் இறுகின, வயசான, நல்ல விரல்கள். "ஜூன்ல வருவீங்கள்ல?" மேலே பெரிய சார் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஸ்டெல்லா யாரையோ கேலி செய்து சிரிக்கிற சத்தம் கேட்டது. கோமதி வாயைத் திறந்தாள். தொண்டை அடைக்கும் என்று பயந்துகொண்டுதான் திறந்தாள். அடைக்கவில்லை. "வருவேன் மேடம்," என்றாள். "கண்டிப்பா வருவேன்." கண்டிப்பா என்று யாரும் சொல்லச் சொல்லவில்லை. சொன்ன மாத்திரத்தில் அந்த ஜூன் மாதம் அவள் கண்முன்னால் வந்து நின்றது. புது யூனிபார்ம் வாசனை. மாமியார் இடுப்பில் பிள்ளை. தெருமுனை திரும்பும்போது தன்விம்மா என்று அவள் கூப்பிட, பிள்ளை படக்கென்று திரும்பிப் பார்த்து, கையை நீட்டி அழுகிறது. அவள் வேலைக்கு வருகிற ஜூன் ஒன்று இருக்குமானால் அதில் அப்படித்தானே இருக்கும்? டெஸ்ட் இல்லை, கோடு இல்லை, மதுரை இல்லை. அந்த ஒரு பொய்க்குள் மட்டும்தான் எல்லாம் சரியாக இருந்தது. வருவேன் என்று இன்னொரு தடவை சொல்ல வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. காசுக்கு இல்லை. அங்கேயே கொஞ்ச நேரம் நிற்கலாமே என்று. கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. "அடடே, எதுக்கு அழறீங்க? லீவுதானே விடறோம், வேலைய விட்டா அனுப்புறோம்?" அம்மா சிரித்துக்கொண்டே கவரை நீட்டினார்கள். "யு.கே.ஜி. போடலாம்னு இருக்கேன் உங்களுக்கு. பாப்பா வளந்ததும் இங்கயே சேத்துருங்க. ஸ்டாஃப் பிள்ளைன்னு ஃபீஸ்ல குறைச்சுக்கலாம்."

வெளியே வந்தபோது தாழ்வாரம் எரிகிற மாதிரி வெளிச்சமாக இருந்தது. "கெடச்சுச்சா?" என்றாள் ஸ்டெல்லா. தலையை ஆட்டினாள். ஸ்டெல்லா கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு உள்ளே போனாள். மகனுக்கு ஃபீஸ் கட்டுகிற கவரை வாங்க, அடுத்த வருடம் இருக்காது என்று தெரியாமல். கோமதி கவரை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். ஒரு ஓரம் மார்பில் குத்தியது. குத்தட்டும் என்று விட்டாள். வீட்டுக்குப் போகத்தான் வேண்டும். போகாமல் நடந்து போய் அந்த இரும்புத் தூணில் முதுகைச் சாய்த்து நின்றாள், பிள்ளையைக் கிடத்தியிருந்த இடத்தில். பாக்கியத்தக்காள் கம்பியோடு வந்தாள். "வெலகிக்க டீச்சரு, கடைசி மணி, நீளமா அடிப்பேன், காதெல்லாம் ஒடஞ்சுபோகும்." கோமதி விலகவில்லை. இரண்டு ஆள்காட்டி விரலையும் காதுக்குள் விட்டு, எலும்பு வலிக்கும் வரைக்கும் அழுத்தினாள். கண்ணை மூடவில்லை.

பாக்கியத்தக்காளின் கை மேலே போனது, இறங்கியது, மேலே போனது. தண்டவாளத் துண்டு ஆடியது. சத்தம் எங்கோ கிணற்றுக்கு அடியில் ஒரு முனகலாகக் கிடந்தது; இன்னும் அழுத்தினாள், அதுவும் இல்லை. கதவுகள் திறந்தன. பிள்ளைகள் கொட்டினமாதிரி வெளியே வந்தார்கள். ஒவ்வொரு வாயும் விரியத் திறந்திருந்தது. எதிலிருந்தும் ஒன்றும் வரவில்லை. பைகள் ஆடின, தூசி கிளம்பியது, ரித்திகாவின் ரிப்பன் அவிழ்ந்து பறந்தது. இதுதானா? இப்படித்தானா நீ பார்த்துக்கொண்டிருக்கிறாய் என் செல்லமே, இத்தனை நாளும், ஒற்றை ஆளாக, எங்கள் எல்லோரையும்? அப்போதுதான் முதுகில் அது வந்தது. தூணிலிருந்து, ரவிக்கையைத் தாண்டி, முதுகெலும்புக்குள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு தடவை. கும். கும். பல்வேர் வரைக்கும் ஏறி, வயிற்றுக்குள் இறங்கி, மறுபடியும் கும். அன்றைக்கு அந்தப் பிள்ளை பாயில் கிடந்தது; தூணில் முதுகு படவில்லை. யாரும் சாய்த்து வைக்கவில்லை. யாருக்கும் தெரியவில்லை. கோமதி விரலை எடுக்காமல், கன்னத்தில் வழிகிறதைத் துடைக்கக் கையில்லாமல், தூணில் இன்னும் அழுத்திச் சாய்ந்துகொண்டாள்.

கூட்டத்துக்கு நடுவிலிருந்து ஸ்டெல்லா வந்தாள். கையில் கவரை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக. கோமதிக்கு முன்னால் நின்று என்னவோ சொன்னாள். சத்தம் வரவில்லை. என்ன இது கோலம் என்பதுபோலப் புருவத்தை உயர்த்திவிட்டு, மறுபடியும் சொன்னாள். கோமதி அவள் உதடுகளையே பார்த்தாள். முதலில் குவிந்தன. பிறகு விரிந்தன. பிறகு இரண்டு தடவை ஒட்டிப் பிரிந்தன. கொஞ்ச நேரம் ஆனது, எழுத்துக் கூட்டுகிற எல்.கே.ஜி. பிள்ளைக்கு ஆவதுபோல. பிறகு புரிந்தது.

ஜூன்ல பாப்போம்.

காதிலிருந்து விரலை எடுக்காமலே கோமதி தலையை ஆட்டினாள்.